திரைப்பட வசூல் கணிப்பு

திரைப்பட வசூல் கணிப்பு என்பது, வெளிவரவிருக்கும் ஒரு திரைப்படம் திரையரங்குகளில் எவ்வளவு பணம் ஈட்டும் என்பதை அது வெளியாவதற்கு முன்பே மதிப்பிடும் முயற்சி ஆகும். ரசிகர்களுக்கு இது சுவையான பேச்சுப் பொருள். படத்தை விலை கொடுத்து வாங்கும் விநியோகஸ்தருக்கும், அதைத் திரையிடும் அரங்க உரிமையாளருக்கும் இது கைப்பணத்தைப் பற்றிய முடிவு. கணிப்பு தவறினால் அந்த நட்டம் பெரும்பாலும் படம் எடுக்கப்பட்ட நகரத்தோடு நின்றுவிடுவதில்லை. புதுக்கோட்டை, அறந்தாங்கி போன்ற ஊர்களின் திரையரங்கு வரை வந்து சேர்கிறது.

வசூல் கணிப்பில் இரண்டு வெவ்வேறு கேள்விகள் உள்ளன. முதலாவது, படம் வெளியான முதல் மூன்று, நான்கு நாட்களில் எவ்வளவு கூட்டம் வரும் என்பது. திரைத்தொழிலில் இதை 'ஓபனிங்' என்பர். இரண்டாவது, படம் எத்தனை வாரம் ஓடும் என்பது. முதல் கேள்விக்கு ஓரளவு நம்பத்தக்க விடை கூற முடியும். இரண்டாவது கேள்விக்கான விடை, படம் பார்த்தவர்கள் வெளியே வந்து என்ன சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆனால் படத்துக்கான விலை, இந்த இரண்டு விடைகளும் தெரிவதற்கு முன்பே பேசி முடிக்கப்படுகிறது.

வெற்றி என்பதன் பொருள்

ஒரு படம் 'இத்தனை கோடி வசூலித்தது' என்று சொல்லும்போது, அது எந்த வசூல் என்பதைப் பார்க்க வேண்டும். நுழைவுச்சீட்டு விற்பனையின் மொத்தத் தொகை 'கிராஸ்' எனப்படுகிறது. அதிலிருந்து வரிகள் கழிந்த பிறகு எஞ்சுவது 'நெட்'. இந்த நெட் தொகையைத் திரையரங்கும் விநியோகஸ்தரும் பேசிக்கொண்ட விகிதப்படி பிரித்துக்கொள்கின்றனர். விநியோகஸ்தருக்குக் கிடைக்கும் பங்கு 'ஷேர்' ஆகும். விளம்பரங்களில் இடம்பெறுவது பெரும்பாலும் கிராஸ் தொகை. இலாப நட்டத்தைத் தீர்மானிப்பது ஷேர் தொகை. எனவே 100 கோடி வசூலித்த படத்தை வாங்கியவர் நட்டமடைவதும், அதில் பத்தில் ஒரு பங்கு வசூலித்த படத்தை வாங்கியவர் இலாபம் அடைவதும் நடக்கக் கூடியவையே. வெற்றி என்பது வசூலின் அளவு மட்டுமன்று. கொடுத்த விலைக்கும் வந்த பங்குக்கும் உள்ள வேறுபாடே வெற்றி.

விநியோகப் பகுதிகள்

தமிழ்நாடு திரைப்பட வணிகத்துக்காகச் சில பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சென்னை நகரம், செங்கல்பட்டு, வட ஆற்காடு–தென் ஆற்காடு, சேலம், கோயம்புத்தூர், மதுரை–இராமநாதபுரம், திருச்சி–தஞ்சாவூர், திருநெல்வேலி–கன்னியாகுமரி ஆகியவை அவை. தொழிலில் இவற்றை 'ஏரியா' என்றே குறிப்பிடுவர். இப்பெயர்கள் பழைய மாவட்டங்களை ஒட்டி அமைந்தவை. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சு 3 அன்று இந்தியாவுடன் இணைக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. பின்னர் 1974 ஜனவரி 14 அன்று திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு புதுக்கோட்டை தனி மாவட்டமாக அமைந்தது. ஆயினும் திரைப்பட விநியோகத்தில் அது இன்றும் திருச்சி–தஞ்சாவூர்ப் பகுதியிலேயே அடங்குகிறது.

விற்பனை முறைகள்

படங்கள் பொதுவாக மூன்று முறைகளில் கைமாறுகின்றன.

மினிமம் கேரண்டி: ஒரு குறிப்பிட்ட தொகையை வாங்குபவர் உறுதியாகத் தந்துவிடுகிறார். படம் ஓடாவிட்டால் அது திரும்பி வராது. அத்தொகைக்கு மேல் பங்கு கிடைத்தால் கூடுதல் பணம் ஒப்பந்தப்படி பிரிக்கப்படும்.

அட்வான்ஸ்: முன்பணம் தரப்படுகிறது. பங்குத் தொகை முன்பணத்தை எட்டாவிட்டால் மீதியைத் திருப்பித் தர வேண்டும். திரும்பி வரக் காலதாமதம் ஆகலாம்.

கமிஷன் முறை: தயாரிப்பாளரின் சார்பில் விநியோகஸ்தர் படத்தை வெளியிட்டு, தம் சேவைக்கு ஒரு விழுக்காட்டைப் பெற்றுக்கொள்கிறார். நட்டம் தயாரிப்பாளரைச் சேரும்.

இம்மூன்றும் ஒரே கேள்விக்கான மூன்று விடைகள்: கணிப்பு தவறினால் யார் பணம் போகும்? படத்தின் மீது எதிர்பார்ப்பு மிகும்போது மினிமம் கேரண்டித் தொகை உயர்கிறது. விநியோகஸ்தர் அந்தச் சுமையைத் தனியே தாங்காமல் ஒவ்வொரு திரையரங்கிடமும் இதே முறையில் ஒரு தொகையைக் கேட்கிறார். இவ்வாறு ஆபத்து படிப்படியாகக் கீழே இறங்குகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு

கீழ்க்காணும் கணக்கு விளக்கத்துக்காக அமைக்கப்பட்டது. எந்தத் திரையரங்கின் உண்மைக் கணக்கும் அன்று. 500 இருக்கைகள் கொண்ட ஓர் அரங்கில் நாளொன்றுக்கு 4 காட்சிகள் நடக்கின்றன. ஒரு வாரத்தில் விற்கத்தக்க சீட்டுகள் 500 × 4 × 7 = 14,000. வரி போக ஒரு சீட்டுக்கு 80 ரூபாய் நிற்பதாகக் கொள்வோம். விநியோகஸ்தரின் பங்கு முதல் வாரம் 60 விழுக்காடு, இரண்டாம் வாரம் 50 விழுக்காடு. அரங்க உரிமையாளர் தந்த மினிமம் கேரண்டி 10 இலட்சம் ரூபாய்.

முதல் வாரம் எல்லாக் காட்சிகளும் அரங்கு நிறைந்தால் நெட் வசூல் 11,20,000 ரூபாய். பங்கு 6,72,000 ரூபாய். கட்டிய பணத்தில் இன்னும் 3,28,000 ரூபாய் வர வேண்டும். இரண்டாம் வாரம் 8,200 சீட்டுகள், அதாவது ஏறத்தாழ 59 விழுக்காடு இருக்கைகள் நிரம்பினால் அது வந்துவிடும்.

ஆனால் நடைமுறையில் எல்லாக் காட்சிகளும் நிறைவதில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு முழுமையாகவும், திங்கள் முதல் வியாழன் வரை பாதியளவும் நிரம்பியதாகக் கொண்டால் விற்றவை 10,000 சீட்டுகள். பங்கு 4,80,000 ரூபாய். மீதி 5,20,000 ரூபாய் கிடைக்க, இரண்டாம் வாரம் 13,000 சீட்டுகள் விற்க வேண்டும். அது மொத்த இருக்கைகளில் ஏறத்தாழ 93 விழுக்காடு. ஞாயிறு இரவு வரை வாசலில் 'ஹவுஸ்புல்' பலகை தொங்கிய படம், திங்கட்கிழமையே நட்டத்தை நோக்கித் திரும்புவது இவ்வாறுதான். முதல் திங்கட்கிழமைக் காலைக் காட்சியின் கூட்டத்தைத் தொழிலில் உள்ளோர் உற்று நோக்குவதற்குக் காரணமும் இதுவே.

வெளியீட்டுக்கு முன் பார்க்கப்படும் அறிகுறிகள்

நடிகரின் செல்வாக்கு: தொடக்க வசூலை மிகுதியாகப் பாதிப்பது இதுவே. ஆனால் அது மாறாத எண் அன்று. 1940களில் தமிழ்த் திரையின் இரு பெரும் நட்சத்திரங்களாக எம். கே. தியாகராஜ பாகவதரும் புதுக்கோட்டையைச் சேர்ந்த பி. யு. சின்னப்பாவும் விளங்கினர். 1944 தீபாவளிக்கு வெளியான பாகவதரின் ஹரிதாஸ், சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதே ஆண்டு இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதான பாகவதர் 1947இல் விடுதலையானார். அடுத்து 1948இல் வந்த ராஜமுக்தி தோல்வியுற்றது. நடிகர் அவரே, குரலும் அவருடையதே. ஆயினும் முந்தைய வசூலை வைத்துப் பிந்தைய வசூலைக் கணித்திருந்தால் அது பொய்த்திருக்கும்.

வெளியீட்டு நாள்: பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, தீபாவளி, கோடை விடுமுறை ஆகியவை கூட்டம் சேர்க்கும் காலங்கள். மார்ச்சு மாதப் பொதுத்தேர்வுக் காலத்தில் மாணவர் கூட்டமும் குடும்பக் கூட்டமும் குறையும்.

போட்டிப் படங்கள்: ஒரே நாளில் இரு பெரிய படங்கள் வந்தால் அரங்குகளும் காட்சிகளும் பிரிந்துவிடும்.

தணிக்கைச் சான்று: 'ஏ' சான்று பெற்ற படத்தை 18 வயதுக்குட்பட்டோர் பார்க்க இயலாது என்பதால் குடும்பத்தோடு வருவோர் குறைவர்.

முன்பதிவு: இணைய முன்பதிவு நகரங்களில் நல்ல அறிகுறி. நேரடியாக வந்து சீட்டு வாங்குவோர் மிகுந்த சிற்றூர்களில் அதன் பயன் குறைவு.

பாடல்களும் முன்னோட்டமும்: இவை படம் பற்றிய அறிதலைக் காட்டும். ஒரு கோடிப் பேர் இலவசமாகப் பார்த்த முன்னோட்டம், அவர்களில் எத்தனை பேர் பணம் கொடுத்து வருவர் என்பதைச் சொல்லாது.

மாவட்ட அளவிலான காரணிகள்

மாநிலம் முழுவதற்குமான கணிப்பு ஒரு மாவட்டத்துக்கு அப்படியே பொருந்தாது. புதுக்கோட்டை மாவட்டத்தின் பெரும்பகுதி ஏரி, கண்மாய்ப் பாசனத்தை நம்பியது. மழை பொய்த்த ஆண்டில் பொங்கல் செலவு சுருங்கும். ஜல்லிக்கட்டுகள் மிகுதியாக நடைபெறும் மாவட்டங்களுள் இதுவும் ஒன்று. வாடிவாசல் திறக்கும் நாளில் சுற்றுவட்டாரக் கூட்டம் அங்கேயே இருக்கும். பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் திருவிழாவும் அத்தகையதே. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய கடலோர ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம். கோடை விடுமுறைப் படங்கள் வரும் அதே காலத்தில் அக்குடும்பங்களின் வருமானம் குறைகிறது.

எந்தக் கணக்கிலும் அடங்காத நிகழ்வுகளும் உண்டு. 2018 நவம்பர் 6 தீபாவளியன்று சர்கார் வெளியானது. பத்து நாட்கள் கழித்து, நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் வேதாரண்யம்–நாகப்பட்டினம் இடையே கரையைக் கடந்து புதுக்கோட்டை மாவட்டத்தையும் கடுமையாகத் தாக்கியது. தென்னைகள் சாய்ந்தன, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்நிலையில் படம் நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்கே இடமில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் 2021 ஜனவரி 13 அன்று மாஸ்டர் வெளியானபோது திரையரங்குகளில் பாதி இருக்கைகளுக்கே அனுமதி இருந்தது. எனினும் அப்படம் வெற்றி பெற்று, மூடிக் கிடந்த அரங்குகளுக்கு மீண்டும் மக்களை அழைத்து வந்தது.

கணிப்பைப் பொய்யாக்கிய படங்கள்

1977இல் பாரதிராஜாவின் 16 வயதினிலே படத்தை வாங்க விநியோகஸ்தர்கள் தயங்கியதால், தயாரிப்பாளர் எஸ். ஏ. ராஜ்கண்ணு தாமே வெளியிட்டார். படம் வெள்ளிவிழாக் கண்டது. 1980இல் புதுமுகங்களுடன் வந்த ஒரு தலை ராகம் மெதுவாகத் தொடங்கி, கல்லூரி மாணவர்களின் வாய்ச்சொல்லால் மாதக்கணக்கில் ஓடியது. பாலாவின் முதல் படமான சேது வாங்குவோர் இன்றி நெடுநாள் காத்திருந்து, 1999 டிசம்பரில் மிகக் குறைந்த அரங்குகளில் வெளியாகி, பின்னர் 100 நாட்களைக் கடந்தது.

அண்மைக் காலத்திலும் இது தொடர்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த மஞ்ஞும்மல் பாய்ஸ் மலையாளப் படம். கொடைக்கானல் குகையையும், 1991இல் வெளியான குணா படத்தின் நினைவையும் தொட்டதால் தமிழ்நாட்டில் அது பெரும் வசூல் பெற்றது. 2025 மே 1 அன்று சூர்யாவின் ரெட்ரோ வெளியான அதே நாளில் டூரிஸ்ட் ஃபேமிலி என்ற சிறு படமும் வந்தது. இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வரும் ஒரு குடும்பத்தின் கதையைச் சொன்ன அப்படம், நாள் செல்லச் செல்லக் கூட்டம் சேர்த்தது.

எதிர்த் திசையிலும் சான்றுகள் உள்ளன. 2002இல் பாபா எதிர்பார்த்த அளவு ஓடாதபோது, ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தார். 2014 டிசம்பர் 12 அன்று வெளியான லிங்காவால் தாங்கள் நட்டமடைந்ததாகக் கூறி, விநியோகஸ்தர்கள் 2015 ஜனவரியில் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தனர். திருச்சி–தஞ்சாவூர்ப் பகுதியின் விநியோகஸ்தர் அப்போராட்டத்தில் முன்னின்றார். நீண்ட பேச்சுக்குப் பிறகு நட்டத்தின் ஒரு பகுதியே ஈடுசெய்யப்பட்டது. 2024இல் இந்தியன் 2, கங்குவா ஆகிய பெரும் பொருட்செலவுப் படங்களும் எதிர்பார்ப்புக்கு ஏற்ப ஓடவில்லை. பெரிய படங்களின் தோல்வி சிறிய படங்களின் தோல்வியை விட மிகுதியான ஊர்களைப் பாதிக்கிறது. ஏனெனில் அதிக விலைக்கு, அதிக அரங்குகள் அதை வாங்கியிருக்கும்.

ஆய்வுகள்

அமெரிக்காவில் இத்துறை ஆய்வுகள் 1980களிலிருந்து நடைபெறுகின்றன. 1983இல் பாரி லிட்மன், பொருட்செலவு, வெளியீட்டுக் காலம், விமர்சனம், விருது முதலியவற்றுக்கும் வசூலுக்கும் உள்ள தொடர்பைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்தார்.

ரமேஷ் சார்தா, துர்சுன் டெலன் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 834 படங்களின் விவரங்களைக் கொண்டு கணினிவழி நரம்பு வலையமைப்பு பயிற்றப்பட்டது. படங்களை வசூல்படி ஒன்பது வகுப்புகளாகப் பிரித்து, எந்த வகுப்பில் விழும் என்று கணிக்கச் செய்தனர். மிகச் சரியாகச் சொன்னவை ஏறத்தாழ 37 விழுக்காடு. ஒரு வகுப்பு முன்பின் தவறினாலும் சரி என்று கொண்டால் ஏறத்தாழ 75 விழுக்காடு. கண்ணை மூடிக்கொண்டு ஒன்பதில் ஒன்றைச் சுட்டினால் 11 விழுக்காடே சரியாகும் என்பதால் இது நல்ல முன்னேற்றம். ஆனால் மூன்றில் இரண்டு முறை சரியான வகுப்பைத் தவறவிடும் கருவியை நம்பிக் கடன் வாங்க முடியாது.

2010இல் சிதாராம் அசூர், பெர்னார்டோ ஹூபர்மன் இருவரும் டுவிட்டர் பதிவுகளின் வேகத்தைக் கொண்டு தொடக்க வசூலை நெருக்கமாகக் கணிக்கலாம் என்று காட்டினர். 2013இல் வெளியான மற்றோர் ஆய்வு, 2010இல் அமெரிக்காவில் வெளிவந்த 312 படங்களின் விக்கிப்பீடியா கட்டுரைகள் எத்தனை முறை பார்க்கப்பட்டன, திருத்தப்பட்டன என்பதை வைத்து முதல் வார இறுதி வசூலைக் கணித்தது. பெரிய படங்களுக்கு அது நன்கு பொருந்தியது; சிறிய படங்களுக்குப் பொருந்தவில்லை. இந்த இரு ஆய்வுகளும் தொடக்க வசூல் பற்றியவை என்பது கருதத்தக்கது.

முழுமையாகக் கணிக்க இயலாமைக்குக் காரணம்

மக்கள் தனித்தனியாக முடிவு செய்வதில்லை. பிறர் செய்வதைப் பார்த்தே முடிவு செய்கின்றனர். 2006இல் மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் 14,000க்கும் மேற்பட்டோரிடம், அவர்கள் அறியாத 48 பாடல்களைக் கொடுத்துச் சோதனை நடத்தினர். ஒரு பிரிவினருக்குப் பிறர் எதைத் தேர்ந்தார்கள் என்பது காட்டப்படவில்லை. மற்றவர்கள் எட்டுத் தனிக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்; ஒவ்வொருவருக்கும் தம் குழுவினர் எதைத் தேர்ந்தனர் என்பது காட்டப்பட்டது. ஒரு குழுவில் முன்னணிக்கு வந்த பாடல் மற்றொரு குழுவில் பின்தங்கியது. மிக நல்ல பாடல்கள் அடியோடு தோற்பதும், மிக மோசமானவை வெல்வதும் அரிது. இடைப்பட்டவற்றுக்கு எதுவும் நேரலாம். திரைப்படங்களிலும் மிகப் பெரும்பாலானவை இந்த இடைப்பட்ட நிலையைச் சேர்ந்தவை. முதல் நாள் பார்த்த சிலருடைய சொல், அவற்றின் போக்கை மாற்றிவிடுகிறது.

வசூல் விவரங்களின் நம்பகத்தன்மை

அமெரிக்கப் படங்களின் நாள்வாரி வசூல் தொடர்ந்து வெளியிடப்படுகிறது. தமிழ்நாட்டில் எல்லா அரங்குகளுக்குமான, சரிபார்க்கப்பட்ட நாள்வாரிக் கணக்கு பொதுமக்களுக்கு வெளியிடப்படுவதில்லை. ஒவ்வோர் அரங்கும் தரும் தினசரி வசூல் அறிக்கை, தொழிலில் உள்ளோருக்கிடையே மட்டும் கைமாறுகிறது. எனவே ஊடகங்களில் வரும் தொகைகள் பெரும்பாலும் மதிப்பீடுகள். தவறான பழைய எண்களைக் கொண்டு செய்யப்படும் புதிய கணிப்பும் தவறாகவே அமையும். மேலும் ஓ.டி.டி., தொலைக்காட்சி உரிமைகள் முன்கூட்டியே விற்கப்படுவதால், திரையரங்கில் ஓடாத படத்தின் தயாரிப்பாளர் தப்பித்துக்கொள்ளக் கூடும். அந்த உரிமைகளில் பங்கில்லாத அரங்க உரிமையாளருக்கு நுழைவுச்சீட்டு வருமானமே முதன்மை.

ஒரு கணிப்பைச் சோதிக்கும் முறை

புள்ளியியல் பயிலும் மாணவர்கள் இதைச் செய்முறைப் பயிற்சியாகவும் மேற்கொள்ளலாம். கணிப்பு படம் வெளியாவதற்கு முன்பே நாளிட்டு எழுதப்பட்டிருக்க வேண்டும். எதைக் கணிக்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும்: தொடக்க வசூலா, முழு ஓட்டமா, கிராஸா, ஷேரா. ஒற்றை எண்ணுக்குப் பதிலாகக் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டும் தரப்பட வேண்டும். ஓராண்டில் வந்த எல்லாப் படங்களும் சேர்க்கப்பட வேண்டும். நினைவில் நிற்கும் வெற்றிப் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் எந்த விதியும் உண்மை போலவே தோன்றும். இறுதியாக, சரியாகச் சொன்னவற்றோடு தவறியவற்றையும் எண்ண வேண்டும்.

இம்முறையில் ஓராண்டு குறித்து வைத்தால், தொடக்க வசூலுக்கான எல்லைகள் குறுகியும் முழு ஓட்டத்துக்கான எல்லைகள் மிக அகன்றும் அமைவதைக் காணலாம். மினிமம் கேரண்டித் தொகையை முடிவு செய்யும்போது மேல் எல்லையை நம்பி விலை பேசுவதா, கீழ் எல்லையைத் தாங்கும் அளவுக்கு மட்டும் பேசுவதா என்பதில்தான் ஓர் ஊர்த் திரையரங்கின் நிலைபேறு அடங்கியுள்ளது.